கை மீளுமா?

பக்கவாதம் கண்ட ஒருவரை மருத்துவமனையில் சேர்த்ததும் வீட்டார் கேட்கும் முதற்கேள்வி, "பழையபடி ஆவாரா?" என்பதே. சென்ற ஆண்டு கைத்தறி நெய்யும் என் தந்தைக்கு வலக்கையும் வலக்காலும் விழுந்தபோது நானும் அதையே கேட்டேன். கை மீளாவிடில் தறி நின்றுவிடும். என் படிப்பும் நின்றுவிடும். இக்கேள்விக்கு அறிவியல் எவ்வாறு விடை தேடுகிறது என்பதை இங்கு விளக்க முயல்கிறேன்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. அடைப்பினால் வருவதே மிகுதி. அடைப்பைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் என்னும் ஊசி மருந்தின் பயனை 1995ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வு ஒன்று நிலைநாட்டியது. அன்று 3 மணி நேரமாக இருந்த எல்லையை, 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு நாலரை மணி நேரமாக நீட்டியது. ஆனால் குழாய் வெடித்தவருக்கு இம்மருந்து பேராபத்தாகும். ஆதலால் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த பின்னரே ஊசி போட இயலும். ஸ்கேன் இல்லாத சிற்றூர் மருத்துவமனையிலிருந்து அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த நேரம் கடந்துவிடுகிறது. எங்களுக்கும் அவ்வாறே கடந்துவிட்டது.

யார் எந்த அளவு தேறுவர் என்பதைக் கணிக்க நோயாளியின் வயது, தாக்குதலின் கடுமை, மருந்து கொடுத்த நேரம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றை மருத்துவர்கள் பார்க்கின்றனர். கடுமையை அளக்க 0 முதல் 42 வரை மதிப்பெண் உண்டு. நம் தேர்வைப் போலன்றி, இங்கு மதிப்பெண் கூடக் கூட நிலைமை மோசமாகும். மூன்று மாதம் கழித்து ராங்கின் அளவுகோலால் பலனை அளக்கின்றனர். குறையேதும் இல்லாதவருக்கு 0, இறந்தவருக்கு 6.

கருவி ஏதும் வேண்டாத முறையொன்றும் உண்டு. மூன்றாம் நாள் காலை மருத்துவர் என் தந்தையிடம், "கையைப் பக்கவாட்டில் தூக்குங்கள், விரல்களை விரியுங்கள்" என்றார். தோள் சற்றே எழுந்தது. இரண்டு விரல்கள் ஒரு நெல்மணி அளவு விரிந்தன. "கை வரும் என்று நினைக்கிறேன். பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள்" என்றார் அவர்.

நெல்மணி அளவு அசைவில் என்ன இருக்கிறது? மூளையிலிருந்து தண்டுவடத்திற்கு இறங்கும் நரம்புத் தடம் ஒன்று உண்டு. விரல்களை விரிக்கும் செயல் பெரிதும் அத்தடத்தையே நம்பியுள்ளது. விரல் சிறிதேனும் விரிந்தால் அத்தடம் முற்றும் அறுபடவில்லை என்பது பொருள். நெதர்லாந்தில் 188 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2010இல் வெளியான ஆய்வில், முதல் மூன்று நாட்களுக்குள் தோளும் விரலும் அசைந்தவர்கள் ஆறு மாதத்தில் கையை ஓரளவேனும் பயன்படுத்தும் வாய்ப்பு 98 விழுக்காடு எனக் கண்டனர். அசையாதவர்களுக்கு அது 25 விழுக்காடு.

அடுத்த கட்டிலில் இருந்த பெரியவரின் விரல்கள் அசையவில்லை. "இப்போது எதுவும் சொல்ல முடியாது" என்று மருத்துவர் கூறியதை "இனி வராது" என்றே அவருடைய மக்கள் எடுத்துக்கொண்டனர். வீட்டிற்கு அழைத்துச் சென்றவர்கள் பயிற்சிக்குத் திரும்ப வரவேயில்லை. கணிதம் பயிலும் எனக்கு அதுவே இன்றும் உறுத்துகிறது. 25 விழுக்காடு என்பது பூஜ்யம் அன்று, நால்வரில் ஒருவர். அந்த ஒருவர் இவராக இருந்திருக்கலாம் அன்றோ?

மேலும், நிகழ்தகவு ஒரு கூட்டத்தைப் பற்றியது. தனி ஒருவரின் தலையெழுத்து அன்று. அந்த எண்கள் பயிற்சி தவறாது கிடைக்கும் நாட்டில் எடுக்கப்பட்டவை. ஐந்தாம் நாளே வீடு திரும்பிப் பயிற்சியின்றிப் படுத்திருக்கும் நம் ஊர் நோயாளிக்கு அவற்றை அப்படியே பொருத்துதல் பிழையாகும். 98 என்று கேட்டு அசட்டையாய் இருப்பதும், 25 என்று கேட்டுக் கைவிடுவதும் ஒன்றுபோல் தவறே. யாருக்கு எந்தப் பயிற்சியை முதலில் அளிப்பது என்று முடிவு செய்யவே கணிப்பு உதவ வேண்டும். 2021ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வந்து இயன்முறைப் பயிற்சி அளிக்கின்றனர். ஊரார் இதனைக் கேட்டுப் பெறுதல் நலம்.

என் தந்தை இன்று மீண்டும் தறியில் அமர்கிறார். முன்பு நெய்ததில் பாதியளவே முடிகிறது. ஆயினும் தறி ஓடுகிறது. நானும் கல்லூரிக்கு வருகிறேன். அந்தப் பெரியவரின் வீட்டாருக்கு எவரேனும் இக்கணக்கைப் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். படித்த நாம் அதனைச் செய்யலாமே!