உடலுக்குள் ஓர் ஏரியல்

நம் மாவட்டத்துப் பாஞ்சாலங்குறிச்சி வீரன் கட்டபொம்மனின் பெயரால், நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் ஒரு கடற்படை நிலையம் 1990 முதல் இயங்கி வருகிறது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு வானொலி அலைகளில் செய்தி அனுப்புவது அதன் பணி. அங்குள்ள கோபுரங்களுள் மிக உயர்ந்தவை 471 மீட்டர்! ஏன் இத்தனை உயரம்? உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே வானொலி அலையை விழுங்கிவிடும். மிக நீண்ட அலைகள் மட்டுமே அதற்குள் சில மீட்டராவது இறங்கும். சுமார் 18 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 16 கிலோமீட்டருக்கும் மேல். நீண்ட அலைக்கு நெடிய ஏரியல் வேண்டுமல்லவா?

இதே தொல்லை மனித உடலிலும் உண்டு. நம் தசையும் குருதியும் ஒருவகையில் உப்புநீரே. நெஞ்சில் தோலுக்கடியில் பொருத்தப்படும் 'பேஸ்மேக்கர்' எனும் இதயமுடுக்கி, தன் பாட்டரியின் நிலையையும் இதயத்தின் துடிப்பையும் வெளியே சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் மருத்துவர் ஒரு கம்பிச்சுருளை நோயாளியின் நெஞ்சின்மேல் வைத்தே அதைப் படிப்பார். அதற்கு நோயாளி மருத்துவமனைக்குப் போயே தீரவேண்டும். விளாத்திகுளத்து முதியவருக்கு அது மதுரைவரை ஒரு நாள் பேருந்துப் பயணம். கட்டிலருகே உள்ள ஒரு பெட்டியே இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து படித்துத் தொலைபேசி வழியே அனுப்பிவிட்டால், எல்லாப் பயணமும் நிற்காது. சில பயணங்கள் மிச்சமாகும்.

இதற்கென ஒதுக்கப்பட்டது 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை. காற்றில் இவ்வலையின் நீளம் சுமார் 75 சென்டிமீட்டர். அதில் கால்பங்கு நீளமுள்ள ஏரியல் என்றாலும் 19 சென்டிமீட்டர் ஆகிறது. கருவியோ தீப்பெட்டியளவு! இங்கேதான் ஒரு வேடிக்கை. அலையை விழுங்கும் அதே தசை, அலையின் வேகத்தை ஏழில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்துவிடுகிறது. வேகம் குறைய, நீளமும் சுமார் 10 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. கெடுப்பவனே கொஞ்சம் கொடுக்கவும் செய்கிறான். மீதிச் சுருக்கத்தைப் பொறியாளர் செய்கிறார்: கம்பியைச் சிக்குக்கோலம்போல வளைத்து மடக்குகிறார், உடல்திரவம் உலோகத்தைத் தொடாதபடி காப்புப்பூச்சு இடுகிறார். கருவியின் டைட்டானியம் கூடு அலையைத் தடுக்குமாதலால், கூட்டின்மேல் உள்ள உலோகமல்லாத பகுதியில் அதை அமர்த்துகிறார்.

ஆயினும் இழப்பு பெரிது. ஊட்டிய ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குகூட வெளியே வருவது அரிது. ஆற்றலைக் கூட்டவும் வழியில்லை. வெளியே பரவும் திறனுக்கு 25 மைக்ரோவாட் என்ற வரம்பு உண்டு. பாட்டரி தீர்ந்தால் மறுபடியும் கத்திதான். போதாக்குறைக்கு, கொழுப்பில் அலை தசையிலுள்ள அளவு சுருங்குவதில்லை. ஒல்லியானவருக்கு இசைந்த ஏரியல் பருத்தவருக்குச் சுருதி விலகும்.

ஆகவே மனிதரிடம் போகுமுன் சோதனைச்சாலையில் போலித் தசை ஒன்றில் ஏரியலை மூழ்கடித்து அளக்கிறார்கள். அந்தத் தசை எதனாலானது தெரியுமா? தண்ணீர், சர்க்கரை, உப்பு. சர்க்கரையைக் கூட்டியும் குறைத்தும் அலை சுருங்கும் அளவைத் திருத்தலாம். அலையை விழுங்கும் குணத்தை உப்பு தருகிறது. வேம்பாரிலும் வைப்பாற்றிலும் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, பாதிச் சரக்கு கைவசம் உண்டு.