காதால் படித்தால் குறையா?

'கொடி' என்ற சொல்லைக் குழந்தை எழுத்துக்கூட்டுவதைக் கவனியுங்கள். கண்ணில் முதலில் படுவது ஒற்றைக்கொம்பு. வாய் தொடங்க வேண்டியதோ 'க்' ஒலியில். பிறகு கொம்பையும் துணைக்காலையும் சேர்த்து ஒரே 'ஒ' ஆக்க வேண்டும். நமக்கு இது கண்ணிமைக்கும் நேரத்து வேலை. டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லிலும் இந்த மல்லுக்கட்டு நடக்கிறது. வரியின் கடைசிக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகிறது. இது சோம்பலும் அல்ல, அறிவுக் குறைவும் அல்ல. அதே பாடத்தை யாராவது வாசித்துக் காட்டினால் பளிச்சென்று பதில் சொல்பவர்கள் இவர்களில் பலர்.

அந்த 'யாராவது' செய்யும் வேலையைத்தான் உரையை வாசிக்கும் செயலி செய்கிறது. கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு. பெருக்கல் என்பதால், ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை. செயலி முதல் திறனுக்கு முட்டுக்கொடுக்கிறது. புரிந்துகொள்வது பிள்ளையின் வேலையாகவே இருக்கிறது. அதற்காக எல்லாக் கருவியும் மருந்தாகிவிடாது. டிஸ்லெக்சியாவுக்கென்றே வடிவமைத்த எழுத்துருக்கள் சோதனைகளில் பெரிதாகப் பலன் தரவில்லை.

காதால் கேட்டுப் பழகினால் பிள்ளை வாசிக்கவே கற்காது என்று பெற்றோர் அஞ்சுவது நியாயம்தான். எழுத்துப் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கருவியைக் கையில் கொடுத்தால் அப்படி நேரலாம். ஆனால் பயிற்சி பலன் தர ஆண்டுகள் ஆகும். அதுவரை அறிவியலும் வரலாறும் காத்திருக்காது. தேர்வில் செயலியை அனுமதிப்பது மற்ற மாணவர்களுக்கு அநீதி என்பாரும் உண்டு. தேர்வு எதை அளக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். வாசிப்புத் தேர்வில் செயலி கூடாது. வரலாற்றுத் தேர்வில் அது மூக்குக்கண்ணாடி மாதிரி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றிருப்பதால், இது சலுகை அல்ல, உரிமை.

செலவும் பெரிய தடையல்ல. தமிழை வாசிக்கும் குரல் சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசியிலேயே உண்டு. அதற்குக் கொடுக்கும் தாளில்தான் சிக்கல். யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பாடக்குறிப்பைச் செயலி பொருளற்ற ஒலிகளாக உளறும். படமாக எடுத்து அனுப்பிய பக்கத்தில் எழுத்தே இல்லை என்று பல செயலிகள் கைவிரிக்கும். குறிப்பை யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பும் ஆசிரியர், தனக்குத் தெரியாமலேயே ஒரு பிள்ளைக்கு அதை வாசித்துக் காட்டுகிறார்.