சஃபாரியா, எக்ஸ்யூவி700-ஆ? ஏழு பேர் பயணிக்கும் கார் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

புதுடெல்லி: சரக்கு மற்றும் சேவை வரி விகிதங்கள் 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி மாற்றியமைக்கப்பட்டதைத் தொடர்ந்து, பெரிய கார் வாங்கத் திட்டமிட்டுள்ள குடும்பங்களின் கணக்கும் மாறியிருக்கிறது. நான்கு மீட்டருக்கு மேல் நீளமும் 1,500 சிசிக்கு மேல் எஞ்சின் கொள்ளளவும் கொண்ட எஸ்யூவி கார்களுக்கு அதுவரை 28 சதவீத வரியுடன் 22 சதவீத செஸ் சேர்த்து மொத்தம் 50 சதவீதம் விதிக்கப்பட்டு வந்தது. தற்போது அது 40 சதவீதம் மட்டுமே. வரிக்கு முன் 10 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வாகனத்தின் விலை 15 லட்சத்திலிருந்து 14 லட்சமாகக் குறையும் என்பது இதன் பொருள்.

இந்தப் பிரிவில், மூன்று வரிசை இருக்கை தேவைப்படுவோர் பெரும்பாலும் ஒப்பிட்டுப் பார்ப்பவை டாடா சஃபாரி, மஹிந்திரா எக்ஸ்யூவி700 ஆகிய இரண்டையும்தான். 2025-இல் இரண்டின் தொடக்க ரகங்களும் ஷோரூம் விலையில் 15 லட்சம் ரூபாய்க்குள் கிடைத்தன. உயர் ரகங்கள் 20 லட்சத்தைத் தாண்டின. விலை ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், தேர்வைத் தீர்மானிப்பவை வேறு அம்சங்களே.

ஒரே ஐந்து நட்சத்திரம், இருவேறு தேர்வுகள்

விற்பனை நிலையங்களில் முதலில் காதில் விழும் சொல் 'ஐந்து நட்சத்திரம்'. இரண்டு கார்களும் விபத்துப் பாதுகாப்புச் சோதனையில் பெரியவர்களுக்கான பிரிவில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை என்பது உண்மை. ஆனால் இரண்டும் எழுதியது ஒரே வினாத்தாளை அல்ல.

எக்ஸ்யூவி700 சோதிக்கப்பட்டது 2021-ஆம் ஆண்டு, குளோபல் என்கேப் அமைப்பின் பழைய விதிமுறையின்படி. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 17-க்கு 16.03 மதிப்பெண்ணும், குழந்தைகளுக்கான பாதுகாப்பில் 49-க்கு 41.66 மதிப்பெண்ணும் பெற்றது. குழந்தைகள் பிரிவில் கிடைத்தது நான்கு நட்சத்திரம். பழைய விதிமுறையில் பெரியவர்களுக்கான மதிப்பெண் பெரும்பாலும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நிகழ்த்தப்படும் முன்பக்க மோதலைக் கொண்டே கணக்கிடப்பட்டது. சோதனைக்கு உள்ளான வாகனத்தில் இருந்தவை இரண்டு ஏர்பேக்குகள் மட்டுமே.

2022 ஜூலையில் விதிமுறை கடுமையாக்கப்பட்டது. பக்கவாட்டு மோதலுக்கும் மதிப்பெண் உண்டு. கம்பத்தில் பக்கவாட்டில் மோதும் சோதனை, வாகனம் சறுக்காமல் காக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, பாதசாரிகள் பாதுகாப்பு ஆகியவையும் ஐந்து நட்சத்திரத்துக்கான நிபந்தனைகளாகச் சேர்ந்தன. மேம்படுத்தப்பட்ட சஃபாரி இந்தப் புதிய விதிமுறையின்கீழ் 2023 அக்டோபரில் 34-க்கு 33.05, 49-க்கு 45 என்ற மதிப்பெண்களைப் பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில், இந்தியாவின் சொந்தச் சோதனைத் திட்டமான பாரத் என்கேப்பின் முதல் முடிவுகளில் இடம்பெற்று 32-க்கு 30.08, 49-க்கு 44.54 மதிப்பெண்களுடன் பெரியவர், குழந்தைகள் ஆகிய இரு பிரிவுகளிலும் ஐந்து நட்சத்திரம் பெற்றது.

இதனால் எக்ஸ்யூவி700 பாதுகாப்பற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே குளோபல் என்கேப் 2022-இல் அந்தக் காருக்கு 'சேஃபர் சாய்ஸ்' விருதையும் வழங்கியது. ஆயினும் 17-க்கு 16 என்பதையும் 34-க்கு 33 என்பதையும் அருகருகே வைத்து இரண்டும் சமம் என்று கூறுவது சரியல்ல. பெரிய ஏட்டில் எழுதிய தேர்வுக்கு மதிப்பு அதிகம். சஃபாரியில் ஆறு ஏர்பேக்குகள் எல்லா ரகங்களிலும் வழங்கப்படுகின்றன. எக்ஸ்யூவி700 வாங்குவோர், தாங்கள் தேர்ந்தெடுக்கும் குறிப்பிட்ட ரகத்தில் எத்தனை ஏர்பேக்குகள் உள்ளன, நிலைப்புக் கட்டுப்பாடு உண்டா என்பதை விவர ஏட்டில் வரிக்கு வரி சரிபார்ப்பது அவசியம்.

மூன்றாம் வரிசையில் யார்?

நட்சத்திரங்கள் சொல்லாத விஷயம் ஒன்றும் உண்டு. முன்பக்க மோதல் சோதனையில் பெரியவர்களைக் குறிக்கும் பொம்மைகள் முன் இருக்கைகளிலும், குழந்தைகளைக் குறிக்கும் பொம்மைகள் இரண்டாம் வரிசையிலும் அமர்த்தப்படுகின்றன. மூன்றாம் வரிசை காலியாகவே இருக்கும். பின்னாலிருந்து லாரி மோதுவது போன்ற சூழலுக்கு இந்த நட்சத்திர முறையில் சோதனையே இல்லை. ஏழு பேர் செல்லும் கார் என்பதற்காகவே இதை வாங்கும் குடும்பம், அந்தக் கடைசி இருக்கையில் யாரை அமர்த்தப் போகிறது என்பதை முதலில் யோசிக்க வேண்டியுள்ளது. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் மூன்றாம் வரிசை வரை நீள்கிறதா, அங்குள்ள இரு இருக்கைகளுக்கும் தோளோடு சேர்த்துக் கட்டும் மும்முனை பெல்ட் உண்டா என்ற இரு கேள்விகளை விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டே ஆக வேண்டும்.

பின் இருக்கையில் பெல்ட் அணிவது சட்டப்படி கட்டாயம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிர மாநிலம் பால்கர் அருகே நிகழ்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தபோது, பின் இருக்கையில் இருந்தவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல் துறை தெரிவித்தது. அதன் பிறகும் வாடகைக் கார்களில் பின் இருக்கை பெல்ட்டை உறைக்குள் மறைத்து வைக்கும் வழக்கம் மாறவில்லை.

வசதியைப் பொறுத்தவரை, இரண்டு கார்களிலும் மூன்றாம் வரிசைக்குத் தனிக் கதவு கிடையாது. இரண்டாம் வரிசை இருக்கையை மடக்கி ஏற வேண்டும், அல்லது தனித்தனி இருக்கைகள் கொண்ட ஆறு பேர் ரகத்தில் நடுவே உள்ள இடைவெளி வழியாக நுழைய வேண்டும். மூட்டு வலி உள்ள தாத்தா, பாட்டிக்கு இவ்விரண்டும் எளிதல்ல. அவர்களுக்கு இரண்டாம் வரிசையே உகந்தது. எல்லா இருக்கைகளையும் விரித்து வைத்தால் பின்னால் பெரிய பெட்டிகளுக்கு இடமிருக்காது என்பதும் இரண்டுக்கும் பொது. ஏழு பேரும் அவர்களது ஒரு வாரத் துணிமணிகளும் ஒன்றாகச் செல்ல வேண்டுமானால் கூரையில் தாங்கி பொருத்த வேண்டியிருக்கும்.

அளவில் வேறுபாடு சிறிதே. சஃபாரியின் நீளம் 4,668 மி.மீ., அகலம் 1,922 மி.மீ.; எக்ஸ்யூவி700-இன் நீளம் 4,695 மி.மீ., அகலம் 1,890 மி.மீ. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடம் இரண்டரை மீட்டர் அகலம் கொண்டதாக இருந்தால், சஃபாரியை நடுவில் நிறுத்தும்போது இருபுறமும் 29 செ.மீ. மட்டுமே மிஞ்சும். எக்ஸ்யூவி700-க்கு ஒன்றரை செ.மீ. கூடுதலாகக் கிடைக்கும். எதுவானாலும், தூண் உள்ள பக்கத்தில் கதவைத் திறக்க முடியாது. முன்பணம் கட்டும் முன் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போய் வருவது நல்லது.

டீசல் மட்டுமா, பெட்ரோலும் உண்டா?

எஞ்சின் தேர்வில்தான் இரண்டும் தெளிவாகப் பிரிந்தன. 2025-இல் சஃபாரியில் இருந்தது 170 பிஎஸ் திறனும் 350 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் கொண்ட 2 லிட்டர் டீசல் எஞ்சின் மட்டுமே. எக்ஸ்யூவி700-இல் 200 பிஎஸ் திறனுள்ள 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினும், உயர் ரகங்களில் 185 பிஎஸ் வரை திறன் தரும் 2.2 லிட்டர் டீசல் எஞ்சினும் இருந்தன. நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றல் செல்லும் வசதி எக்ஸ்யூவி700-இன் டீசல் ஆட்டோமேட்டிக் உயர் ரகத்தில் கிடைத்தது. சஃபாரியில் முன் சக்கரங்களுக்கு மட்டுமே. 1998-இல் அறிமுகமான பழைய சஃபாரியை மலைப்பாதைகளில் ஓட்டிய நினைவோடு வருவோர் இதைக் கவனிக்க வேண்டும். 2021-இல் திரும்பி வந்தது பெயர் மட்டுமே. வாகனத்தின் அடித்தளம் முற்றிலும் வேறு.

டீசல் லாபமா என்பது ஓடும் தூரத்தைப் பொறுத்தது. பெட்ரோல் கார் லிட்டருக்கு 10 கி.மீ.யும் டீசல் கார் 14 கி.மீ.யும் தருவதாகக் கொள்வோம். 2025-ஆம் ஆண்டின் டெல்லி விலையில் பெட்ரோல் சுமார் 95 ரூபாய், டீசல் சுமார் 88 ரூபாய். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டினால் டீசலில் ஏறத்தாழ 38,500 ரூபாய் மிச்சம். டீசல் ரகத்துக்குக் கூடுதலாக ஒரு லட்சம் ரூபாய் கொடுத்திருந்தால், இரண்டரை ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அது திரும்பிவிடும். ஆண்டுக்கு 5,000 கி.மீ. மட்டுமே ஓட்டும் குடும்பத்துக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

குறைவாக ஓட்டுவோருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பிஎஸ்-6 டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உள்ளது. சேர்ந்த கரி எரிந்து தூய்மையாக, புகைக்குழாய் நன்கு சூடாக வேண்டும். அதற்கு நெடுஞ்சாலையில் தொடர்ந்து சீரான வேகத்தில் ஓட வேண்டும். பள்ளிக்கும் காய்கறிச் சந்தைக்கும் மட்டும் சென்று வரும் டீசல் காரில் வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரிவது வழக்கமான புகார்.

தலைநகர் டெல்லியிலும் சுற்றுப்புற மாவட்டங்களிலும் வசிப்போருக்கு நிலைமை மேலும் சிக்கலானது. 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களும் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களும் அங்கு ஓடக்கூடாது என்ற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. 2025 ஆகஸ்ட் 12-ஆம் தேதி, அத்தகைய வாகன உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை கூடாது என அதே நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இறுதி முடிவு எதுவாயினும், 20 லட்சம் ரூபாய் டீசல் காரை 10 ஆண்டுகளில் பகிர்ந்தால் ஆண்டுக்கு இரண்டு லட்சம். அதே விலையில் பெட்ரோல் காரை 15 ஆண்டுகளில் பகிர்ந்தால் சுமார் 1.33 லட்சம். டெல்லிவாசிகளுக்கு எக்ஸ்யூவி700-இன் பெட்ரோல் எஞ்சின் தந்த சாதகம் இதுதான். நெடுந்தூரம் ஓட்டுபவராகவும் குழந்தைகளை அடிக்கடி அழைத்துச் செல்பவராகவும் வேறு மாநிலத்தில் வசிப்பவருக்கு, புதிய சோதனையில் தேறிய சஃபாரியே முந்துகிறது.

பில் தொகையைப் பார்க்கும்போது, 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு விற்பனையாளர் ஒரு சதவீத வருமான வரியை முன்கூட்டியே வசூலிப்பார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 20 லட்சத்துக்கு இது 20,000 ரூபாய். கூடுதல் செலவு போலத் தோன்றினாலும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது இதைச் செலுத்திய வரியாகக் காட்டி ஈடுசெய்யலாம். கூடுதலாகப் பிடிக்கப்பட்டிருந்தால் திரும்பப் பெறலாம். இதற்கு வாங்குபவரின் பான் எண் பில்லில் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும்.