தகரக் கொட்டகைக்குத் தேடி வரும் நாடகம்
புனே கட்டுமானத் தளங்களில் குழந்தைகளைக் காக்க ஒரு கலை முயற்சி

புது தில்லி:

2019-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், புனே நகரின் கோந்துவா பகுதியில் பெய்த கனமழையில் குடியிருப்பு வளாகம் ஒன்றின் சுற்றுச்சுவர் இடிந்து, அதை ஒட்டியிருந்த தொழிலாளர் கொட்டகைகள் மீது விழுந்தது. 4 குழந்தைகள் உட்பட 15 பேர் இறந்தனர். பெரும்பாலோர் பிகாரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர் குடும்பத்தினர். 2024 டிசம்பர் 23-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், அதே நகரின் வாகோலியில் நடைபாதையில் படுத்திருந்த தொழிலாளர்கள் மீது டம்பர் லாரி ஏறியது. இறந்த மூவரில் இருவர் இரண்டு வயதைத் தாண்டாத குழந்தைகள். அமராவதியிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் அவை.

தகவல் தொழில்நுட்ப நகரமாக வளர்ந்துவிட்ட புனேயில், ஹிஞ்சவடி, வாகட், கராடி என்று எந்தத் திசையில் சென்றாலும் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் அடிவாரத்தில், சித்தாள் வேலை பார்க்கும் தாயின் கண்ணுக்கெட்டிய தூரத்தில், மணல் குவியலிலும் கம்பிக் கட்டுகளுக்கு நடுவிலும் கைக்குழந்தைகள் வளர்கின்றன. பல இடங்களில் தம்பி, தங்கைகளுக்குக் காவல் ஏழெட்டு வயது அக்காதான். அவள் பள்ளிக்குப் போவதில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் குழந்தைகளை முதலில் கண்டுகொண்டது தலைநகர் தில்லிதான். 1969-ல் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக ராஜ்காட் அருகே கட்டுமானப் பணி நடந்தபோது, அங்கே புழுதியில் கிடந்த குழந்தைகளைக் கண்ட மீரா மகாதேவன், தளத்திலேயே ஒரு காப்பகத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் இடம் மாறினால் காப்பகமும் உடன் நகரும் என்பதால் 'மொபைல் கிரெஷஸ்' என்று பெயர். பின்னர் மும்பைக்கும், 1980-களின் தொடக்கத்தில் புனேவுக்கும் பணி விரிந்தது. புனே கிளை 2007-ல் 'தாரா மொபைல் கிரெஷஸ்' என்ற தனி அமைப்பாயிற்று.

காப்பகம் திறந்தால் மட்டும் போதாது என்பது விரைவிலேயே தெரிந்தது. பிறந்த ஊரை விட்டு வந்து, இன்னும் சில மாதங்களில் வேறு தளத்துக்குப் போகவிருக்கும் தாய், முன்பின் அறியாத ஒருவரிடம் பிள்ளையை எப்படி ஒப்படைப்பாள்? தடுப்பூசிக்கு அழைத்துச் சென்றால் அன்றைய கூலி போகிறது. ஊசி போட்டு இரவில் காய்ச்சல் வந்தால், மறுநாள் கூலியும் போகிறது. சுவரொட்டி ஒட்டினால் படிக்கத் தெரிந்தவர் குறைவு. படிக்கத் தெரிந்தவருக்கும் மராத்தி தெரியாது.

இந்த இடத்தில்தான் கலை உள்ளே வருகிறது. மொபைல் கிரெஷஸ் அமைப்பு உருவாக்கிய 'லோக்தூத்' என்ற வீதி நாடக முறையின் பொருள் 'மக்கள் தூதர்' என்பதாகும். மேடையில்லை, திரையில்லை. தொழிலாளர்கள் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில், கொட்டகைகளுக்கு நடுவே டோலக் ஒலியுடன் கூட்டம் கூடுகிறது. சீம்பால் கொடுப்பது, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுப்பது, கணவனின் குடி, பெண் பிள்ளையை வீட்டோடு நிறுத்துவது ஆகியவையே கதைகள். பார்ப்பவர்களையும் பேச வைப்பதுதான் இதன் உத்தி. மருத்துவர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகும் தந்தை, நாடகத்தில் வரும் தந்தை தன் மனைவியைத் திட்டும்போது சங்கடப்படுகிறார். பக்கத்துக் கொட்டகைப் பெண்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு செய்யும் வேலையைத் துண்டுப் பிரசுரங்கள் செய்துவிட முடியாது. தமிழகத்தில் அறிவொளி இயக்கத்தின் கலைப் பயணங்களையும், 2021-ல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்துக்காக ஊர் ஊராகச் சென்ற கலைக்குழுக்களையும் கண்டவர்களுக்கு இது புரியும்.

நாடகம் புனேவுக்குப் புதிதல்ல. சத்யசோதக் சமாஜத்தை ஜோதிராவ் புலே 1873-ல் தொடங்கியது இந்த நகரில்தான். அந்த இயக்கத்தின் ஜல்சா கலைஞர்கள் கிராமங்கள்தோறும் ஆடிப் பாடிச் சமூக நீதி பேசினர். விஜய் டெண்டுல்கரின் 'காசிராம் கோத்வால்' நாடகத்தை நடத்திய தியேட்டர் அகாடமி குழுவினர், உள்ளூர் எதிர்ப்பையும் மீறி 1980-ல் ஐரோப்பா சென்றனர். அதில் நானா பட்நவீஸாக நடித்த மனநல மருத்துவர் மோகன் அகாஷே, பெர்லினின் 'கிரிப்ஸ்' சிறுவர் அரங்கால் கவரப்பட்டு, 1986-ல் அதே பாணியைப் புனேவுக்குக் கொண்டுவந்தார். குழந்தைகளின் பாத்திரங்களைப் பெரியவர்களே ஏற்று, தேவதைக் கதைகளை விட்டுவிட்டு, வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளைகள் படும் பாட்டை நடிப்பது கிரிப்ஸ் முறை. 'நல்ல சிறியோர், கெட்ட பெரியோர்' என்று பொருள்படும் தலைப்பிலேயே அதன் மராத்தி நாடகம் ஒன்று வந்தது. பிள்ளையுடன் அமர்ந்து பார்க்கும் பெற்றோருக்கும் அதில் பாடம் உண்டு. ஆனாலும் அது நுழைவுச்சீட்டு வாங்கி அரங்குக்கு வரும் குடும்பங்களுக்கான கலையாகவே பெரிதும் இருந்தது. அந்த அரங்குக்கு வராத குடும்பங்களிடம் தளத்து நாடகம் தானே செல்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், 50-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் உள்ள தளங்களில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் கட்டாயம் என்றது. ஒப்பந்தக்காரர்கள் பலர் பெண்களின் எண்ணிக்கையைக் காகிதத்தில் 50-க்குள் வைத்துக்கொள்ள இது வசதியாயிற்று. கணவன், மனைவி இருவர் உழைத்தாலும் பதிவேட்டில் கணவன் பெயர் மட்டுமே இருக்கும் வழக்கம் இத்துறையில் பழையது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஆண், பெண் என்று பிரிக்காமல் 50-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தாலே காப்பகம் என்கிறது. இந்த ஒரு மாற்றம் வரவேற்கத்தக்கது. அதே தொகுப்பு ஆய்வாளரை 'ஆய்வாளர் மற்றும் வசதியாக்குநர்' என்று மாற்றியிருப்பதைத் தொழிற்சங்கங்கள் சந்தேகத்துடன் பார்ப்பதும் நியாயமே.

பணம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்காக வசூலிக்கப்படுகிறது. இவ்வாறு திரட்டப்பட்ட சுமார் 37,400 கோடி ரூபாயில் ஏறத்தாழ 9,500 கோடி மட்டுமே செலவிடப்பட்டதைச் சுட்டிக்காட்டி, 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அரசுகளைக் கடுமையாகச் சாடியது. தொழிலாளர்களுக்கு மடிக்கணினியும் சலவை இயந்திரமும் வாங்கிய கணக்கும் அந்த வழக்கில் வெளிவந்தது. சலவை இயந்திரம் வாங்க முடிந்த நிதியில், ஒரு நாடகக் குழுவுக்கு ஊதியம் தருவது பெரிய காரியமா?

அங்கன்வாடிகளின் நிலையும் வேறல்ல. ஊட்டச்சத்து இயக்கத்தின் கீழ் தாய்மாரையும் குழந்தைகளையும் கூட்டி நடத்தும் ஒரு சமூக நிகழ்ச்சிக்கு விதிமுறைகள் அனுமதித்தது 250 ரூபாய். 'அங்கன்வாடி' என்ற சொல்லே மகாராஷ்டிரம் தந்ததுதான். பள்ளிக்கு வராத குழந்தைகளைத் தேடி அவர்களின் முற்றத்துக்கே பாட்டும் விளையாட்டுமாகச் சென்ற தாராபாய் மோடக், புனே ஆசிரியை அனுதாய் வாக் ஆகியோரின் பணியில் பிறந்த பெயரை, 1975-ல் மத்திய அரசு நாடு முழுமைக்கும் எடுத்துக்கொண்டது.

கட்டடம் முடிந்து பூட்டுச் சாவி கைமாறும் நாளில் தளத்துக் காப்பகமும் மூடப்படும். கொட்டகைகளின் தகரங்கள் லாரியில் ஏறும். அடுத்த தளத்தின் மேஸ்திரி இடம் தருவாரா, தண்ணீரும் மின் இணைப்பும் கிடைக்குமா என்று காப்பக ஊழியர்கள் மீண்டும் முதலிலிருந்து பேசத் தொடங்குவார்கள்.