கான்வென்ட்ல சேர கத்தோலிக்கரா இருக்கணுமா? கேமரன் மலைத் தோட்டக் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

அக்கா மகளுக்கு ஒண்ணாம் ஆண்டுப் பதிவு தொடங்கிடுச்சு. வீட்டுல ஆன்லைன் பாரம் நிரப்பத் தெரிஞ்ச ஆள் நீங்கதான். போன் உங்க கையில. சுத்தி உட்கார்ந்து ஆளுக்கொன்று சொல்றாங்க.

"தானா ராத்தா கான்வென்ட்ல போடலாமே" என்கிறார் அக்கா. "அங்க பாதர் லெட்டர் கேப்பாங்க. பீஸ் வேற கட்டணும். நமக்குச் சரிப்படாது" என்கிறார் அம்மா. "அதெல்லாம் இருக்கட்டும், பிள்ளைக்குத் தமிழ் வருமா?" என்று கேட்கிறார் பாட்டி.

அம்மா சொன்ன இரண்டும் இன்றைய நிலையில் சரியில்லை. பாட்டி கேட்ட கேள்விதான் உண்மையான கேள்வி. ஏன் என்று பார்ப்போம்.

கான்வென்ட் யாருடைய பள்ளி?

இன்பன்ட் ஜீசஸ் சபைக் கன்னியர்கள் 1852-இல் பினாங்கு வந்து கான்வென்ட் லைட் ஸ்ட்ரீட் பள்ளியைத் தொடங்கினார்கள். பிறகு நாட்டின் பல நகரங்களில் கான்வென்ட் பள்ளிகள் உருவாகின. 1930-களில் தானா ராத்தாவிலும் அவர்கள் விடுதியோடு ஒரு பள்ளி நடத்தினார்கள். அந்தக் காலத்தில் யாரைச் சேர்ப்பது, எவ்வளவு கட்டணம், யார் ஆசிரியர் எல்லாமே கன்னியர்களின் முடிவுதான். பாட மொழி ஆங்கிலம்.

சுதந்திரத்துக்குப் பிறகு இது மாறியது. 1961 கல்விச் சட்டத்தின் கீழ் மிஷன் பள்ளிகள் அரசின் முழு உதவி பெறும் பள்ளிகளாயின. ஆசிரியர் சம்பளம், பாடத்திட்டம், மாணவர் சேர்க்கை ஆகியவை அரசிடம் போயின. 1970 முதல் ஒண்ணாம் ஆண்டில் தொடங்கிப் படிப்படியாகப் பாட மொழியும் மலாய் ஆனது. இன்று நாட்டில் 400-க்கும் மேற்பட்ட கிறிஸ்தவ மிஷன் பள்ளிகள் இருக்கின்றன. தானா ராத்தா கான்வென்ட் தொடக்கப்பள்ளியின் பெயர்ப் பலகையில் 'எஸ்.கே.' என்று இருக்கும். அது தேசியப் பள்ளி என்பதற்கான அடையாளம்.

பல இடங்களில் நிலமும் கட்டடமும் மட்டும் இன்னும் சபையிடமே இருக்கின்றன. இது சின்ன விஷயம் இல்லை. லைட் ஸ்ட்ரீட் கான்வென்டில் 2018 முதல் புதிய மாணவர்களைச் சேர்ப்பது நின்றதற்குக் காரணம், கன்னியர்கள் தங்கள் இடத்தைத் திரும்பப் பெற முடிவெடுத்ததுதான்.

அப்போ தனியார் கத்தோலிக்கப் பள்ளியே கிடையாதா?

இருக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கில் லசால் சபை தொடர்புடைய எஸ்.ஜே.ஐ. இன்டர்நேஷனல் பள்ளி 2016-இல் தொடங்கியது. இப்படிப்பட்ட பள்ளிகள் சேர்க்கையைத் தாங்களே நடத்தும். ஆண்டுக் கட்டணம் பல்லாயிரம் ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 ரிங்கிட் என்பதை நினைத்தால், தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு அது எட்டாத தூரம். அம்மா மனசில் இருப்பது இந்த வகைப் பள்ளி. தானா ராத்தா கான்வென்ட் அந்த வகை இல்லை.

சேர்க்கை எப்படி நடக்கிறது?

தமிழ்ப்பள்ளியோ, கான்வென்டோ, பதிவு ஒரே வழியில்தான்: கல்வி அமைச்சு அறிவிக்கும் காலத்துக்குள் பெற்றோர் இணையம்வழி விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமாக, பிள்ளைக்கு 7 வயது நிறையும் ஆண்டில் ஒண்ணாம் ஆண்டு. ஞானஸ்நானச் சான்றிதழ் தேவையில்லை. பாதர் லெட்டரும் தேவையில்லை. வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம், வகுப்பில் உள்ள இடம் ஆகியவைதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கும். கேட்ட பள்ளி கிடைக்கவில்லை என்றால் மாவட்டக் கல்வி இலாகாவில் மேல்முறையீடு செய்யலாம்.

கட்டணம்? அரசு உதவி பெறும் பள்ளியில் சேர்க்கைக் கட்டணம் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் பங்களிப்பு கேட்கும். அது நன்கொடை, இடம் வாங்கக் கொடுக்கும் பணம் இல்லை.

இன்னொன்று: பிள்ளையைத் தொடக்கப்பள்ளிக்கு அனுப்புவது 2003 முதல் சட்டப்படி கட்டாயம். மீறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்று விடும் விஷயம் இல்லை இது.

பைபிள் படிக்கச் சொல்வாங்களா?

மாட்டாங்க. முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. எல்லாத் தேசியப் பள்ளிகளிலும் இதே ஏற்பாடுதான். 1996 கல்விச் சட்டம் உதவி பெறும் பள்ளிகளில் வேறு மதங்களைக் கற்பிக்கவும் இடம் தருகிறது. ஆனால் அதற்கு அரசுப் பணம் செலவாகக்கூடாது. ஒரு பிள்ளையை அவள் சாராத மத வகுப்பில் உட்கார வைக்கப் பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும்.

சரி, தமிழ் என்னாகும்?

இப்போ பாட்டியின் கேள்விக்கு வருவோம்.

கேமரன் மலையில் தேயிலை பெரிய அளவில் வந்தது 1929-இல், போ தோட்டம் தொடங்கியபோது. அதற்கு முன்பே, 1923 தொழிலாளர் சட்டம் ஒரு விதி வைத்திருந்தது: பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். நாடு முழுக்கத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்று தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் போ தோட்டத்திலும் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. அங்கே கணிதமும் அறிவியலும் தமிழிலேயே நடக்கின்றன. மலாயும் ஆங்கிலமும் பாடங்களாக உண்டு.

கான்வென்டில் தமிழ் தானாக வராது. ஆனால் கேட்டால் வர வழி இருக்கு. தேசியத் தொடக்கப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது 1996 கல்விச் சட்டம். சட்டம் பெற்றோருக்குத் தரும் உரிமை இது. பெற்றோர் சேர்ந்து கேட்காவிட்டால் அது ஏட்டிலேயே இருக்கும். அப்படி வந்தாலும் தமிழ் அங்கே ஒரு பாடம் மட்டுமே. தமிழ்ப்பள்ளியில் பிள்ளை நாள் முழுக்கத் தமிழில் சிந்திப்பாள். இந்த வித்தியாசத்தைத் தெரிந்தே முடிவெடுங்க.

தூரத்தையும் கணக்கில் வையுங்க. ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா சுமார் 13 கிலோமீட்டர். வளைவான மலைப்பாதை, சுற்றுலாக் கூட்டம் வந்தால் நெரிசல். 7 வயசுப் பிள்ளை தினமும் இரண்டு தடவை அந்தப் பயணத்தைச் செய்யணும். வேன் செலவு மாதாமாதம் வரும்.

உண்மையில் கதவை அடைப்பது எது?

மதமும் இல்லை, கட்டணமும் இல்லை. பல குடும்பங்களில் அது ஆவணம்.

பிள்ளையின் பிறப்பைத் தீபகற்ப மலேசியாவில் 60 நாளுக்குள் பதிய வேண்டும். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தையும் சட்டப்படி பதிய வேண்டும். கோவிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டவர், திருமணம் பதியவில்லை என்றால், பிள்ளைக்குக் குடியுரிமை கிடைப்பதில் சிக்கல் வரும்.

அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பள்ளியே இல்லை என்று அர்த்தம் இல்லை. பெற்றோரில் ஒருவராவது மலேசியராக இருந்தால், ஆவணம் முழுமையாக இல்லாத பிள்ளையையும் அரசுப் பள்ளியில் சேர்ப்பதற்கான நடைமுறை 2019 முதல் எளிதாக்கப்பட்டது. வெட்கப்பட்டு ஒதுங்காமல், பள்ளியிலோ மாவட்டக் கல்வி இலாகாவிலோ நேரில் போய்க் கேளுங்க. கூடவே தேசியப் பதிவிலாகாவில் ஆவண வேலையைத் தொடங்குங்க.

பாரத்தைத் திறக்கும் முன்

பிள்ளையின் பிறப்புப் பத்திரம், மைகிட், பெற்றோரின் அடையாள அட்டை, முகவரிச் சான்று ஆகியவற்றை எடுத்து வையுங்க. தோட்ட வீட்டில் இருந்தால் மின்சார பில் உங்க பேரில் இருக்காமல் போகலாம். தோட்ட அலுவலகக் கடிதத்தை ஏற்பார்களா என்று பள்ளியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்க. பெயர் எழுத்துகளைப் பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடியே தட்டுங்க.

கான்வென்ட் பக்கம் மனசு போனால், பள்ளி அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது 'பீஸ் எவ்வளவு?' என்பது இல்லை. 'தமிழ் வகுப்பு நடக்குதா? இல்லைன்னா எத்தனை பெற்றோர் கேட்டிருக்காங்க?' என்று கேளுங்க. பதில் 14 என்று வந்தால், உங்க அக்காதான் அந்தப் பதினைந்தாவது ஆள்.