பத்துத் தாள், பத்து முகம்

ஆடி, ஆவணி மாதங்களில் நல்லூர்க் கொடியேற்றத்தோடு மானிப்பாய் வீடுகளுக்கும் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து சேர்கின்றன. புறப்பட முன்னர் ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மாமா ஒரு போன் எடுப்பார்: "உனக்கு என்ன பிள்ளை வாங்கிக்கொண்டு வர?" எடுத்த உடனேயே படத்தைக் கையில் தருகிற கமராவைக் கேட்கிற பிள்ளைகள் இப்போது கூடிவிட்டார்கள். தாராளமாகக் கேட்கட்டும். ஆனால் கமராவை மட்டும் கேட்டுவிட்டு பிலிமை மறந்தால், இரண்டு மாதத்தில் அது அலுமாரிக்குள் போய்விடும். இந்தப் பொருளில் செலவு பிலிமில்தான் இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். புஜிபிலிம் நிறுவனத்தின் இன்ஸ்டாக்ஸ் மினி 12 கமரா 2023இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 80 டொலர். அதற்கான பிலிம் பெட்டி ஒன்றில் பத்துத் தாள். வாங்கும் இடத்தைப் பொறுத்து ஒரு தாளுக்கு முக்கால் டொலரிலிருந்து ஒரு டொலர்வரை விழும். டொலர் 300 ரூபா என்று வைத்தால்கூட ஒரு படத்துக்கு 225 முதல் 300 ரூபா. நூறு படம் எடுத்து முடிக்கும்போது கமராவின் விலையை இன்னொருமுறை கொடுத்திருப்பீர்கள். 2022 மார்ச்சுக்கு முன்னர் டொலர் 200 ரூபாவாக நின்ற காலத்தில் இதே படம் மூன்றில் ஒரு பங்கு மலிவாக முடிந்திருக்கும். கையிருப்புக் குறைந்தவர்கள் முதலில் கேட்க வேண்டியது, வருடத்துக்கு எத்தனை படம் எடுப்பேன் என்பதைத்தான். எந்தக் கமரா என்பது அதற்குப் பிறகு.

பொலரொயிட் பக்கம் போனால் செலவு இன்னும் ஏறும். ஒரு பெட்டியில் எட்டே தாள். ஒவ்வொன்றும் இரண்டு டொலரை ஒட்டி வரும். அந்தப் பெரிய சதுரப் படத்தின் அழகை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் வெயிலுக்கு அது ஒத்துவராது. பொலரொயிட் பிலிமை 13 முதல் 28 பாகை செல்சியஸ்வரையான வெப்பத்தில் பயன்படுத்தும்படி அந்த நிறுவனமே சொல்கிறது. அதற்கு மேலே போனால் படத்தில் மஞ்சளும் சிவப்பும் ஏறும். யாழ்ப்பாணத்தில் பங்குனி, சித்திரை மத்தியானத்தில் 28 பாகைக்கு எங்கே போவது? இன்ஸ்டாக்ஸ் பிலிம் 40 பாகைவரை தாங்கும். மானிப்பாயில் இருப்பவருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இந்த வெப்பக் கணக்கு ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளப் படத்தின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும் தடித்த வெள்ளை விளிம்பைப் பாருங்கள். பசை போன்ற இரசாயனம் அதற்குள் ஒரு சிறு பையில் அடைபட்டிருக்கிறது. தாள் வெளியே வரும்போது இரண்டு உருளைகள் அந்தப் பையை நசுக்கி, இரசாயனத்தைப் படம் முழுவதும் மெல்லிதாகப் பரப்புகின்றன. வெள்ளி உப்புகளும் சாயங்களும் அந்தக் கணத்தில் வேலையைத் தொடங்குகின்றன. ஒன்றரை நிமிடத்தில் முகம் தெளிந்துவிடும். இரசாயன வினை என்பதால் சூடு கூடினால் வேகமும் நிறமும் மாறும். தாளை உதறினால் படம் கெதியாக வரும் என்பது வெறும் நம்பிக்கை. உதறாமல் நிழலில் வையுங்கள். இரசாயனம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர். அவருடைய 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூல் 1875இல் அச்சேறியது. இரசாயனத்தை அவ்வளவு காலத்துக்கு முன்பே தமிழில் படித்த ஊர்ப் பிள்ளைகள், கமராவுக்குள் நடப்பது என்னவென்று அறிந்து படம் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்த வகைக் கமரா பிறந்ததும் ஒரு பிள்ளையின் கேள்வியால்தான். 1943இல் பொலரொயிட் நிறுவனத்தின் எட்வின் லாண்ட் தன் மூன்று வயது மகளைப் படம் எடுத்தபோது, அதை ஏன் இப்போதே பார்க்க முடியாது என்று அவள் கேட்டாள். 1947இல் அவர் அதைச் செய்து காட்டினார். அடுத்த வருடம் பொஸ்ரனில் ஒரு கடையில் முதற் கமரா விற்பனைக்கு வந்தது.

பழைய கமராவை மலிவாக வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் எது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்ஸ்டாக்ஸ் மினி வரிசை 1998இல் தொடங்கியது. மினி 8, மினி 9 என்று கைமாறி வருகிற கமராக்களும் இன்றைய மினி 12இன் அதே பிலிமைத்தான் எடுக்கின்றன. பற்றரி வைக்கும் இடத்தில் பச்சைப் பூஞ்சணம்போல் கறை இருக்கிறதா, பிளாஷ் விளக்கு ஏறுகிறதா, உருளைகளில் காய்ந்த பசை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் பெரியப்பா 80களில் கொண்டுவந்த கொடாக் உடனடிக் கமரா இருந்தால் அது நினைவுப் பொருள் மட்டுமே. பொலரொயிட்டுடன் நடந்த காப்புரிமை வழக்கில் தோற்று, 1986 ஜனவரியில் கொடாக் அந்தத் தொழிலையே விட்டுவிட்டது. தாளை உரித்தெடுக்கும் பழைய வகைக்கு பிலிம் செய்துவந்த புஜியும் 2016இல் நிறுத்திவிட்டது. பொலரொயிட் 600 வகைக்கு இன்றும் பிலிம் உண்டு. அதற்குரிய பற்றரி பிலிம் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் கமரா உயிரோடு இருக்க வாய்ப்பும் அதிகம்.

இன்ஸ்டாக்ஸ் மினிப் படம் வங்கி அட்டை அளவுத் தாளில் வருகிறது. அதற்குள் படம் மட்டும் 62க்கு 46 மில்லிமீற்றர். தேர் முழுவதையும் அதற்குள் அடக்கப் பார்த்தால் ஏமாற்றம்தான். மருதடிப் பிள்ளையார் தேர்த் திருவிழாவுக்கு மினி 12ஐக் கொண்டுபோகிறீர்கள் என்று வையுங்கள். அதன் ஷட்டர் 1/250 செக்கனுக்கு மேல் வேகமாக ஓடாது. வில்லையின் துவாரமும் மாறாது. பத்து மணி வெயிலில் வெள்ளை வேட்டிகளெல்லாம் மடிப்புத் தெரியாமல் வெளிறிவிடும். ஆட்களை ஒரு மரநிழலுக்குக் கூப்பிட்டு நிறுத்துங்கள், முகம் நன்றாக வரும். இரவுத் திருவிழாவில் பிளாஷ் வெளிச்சம் இரண்டு மீற்றருக்குச் சற்றுக் கூடத்தான் போகும். அதற்கு அப்பால் நிற்கிற சுவாமி இருட்டுக்குள் போய்விடுவார். பக்கத்தில் நிற்கும் மனிதருக்கான கமரா இது. அப்பம்மாவை, கூடப் படித்தவளை, கடைக்காரரை எடுங்கள்.

எடுத்த படத்தை உடனே போனில் ஒருமுறை எடுத்து வையுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். இந்தப் படங்களுக்கு நெகற்றிவ் கிடையாது. உள்ளது ஒரே பிரதி. 1995 ஒக்டோபர் 30இல் போரால் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அல்பங்கள் வீடுகளிலேயே கிடந்தன, ஸ்ரூடியோக்களில் நெகற்றிவ்கள் கிடந்தன. திரும்பி வந்த பல குடும்பங்களுக்கு அதற்கு முந்திய வாழ்க்கையைக் காட்ட ஒரு படமும் மிஞ்சவில்லை. தாத்தாவின் முகம் எப்படி இருந்தது என்று தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். ஒற்றைப் பிரதியை நம்பி இருக்க எங்களால் முடியாது. போனில் எடுத்ததை வெளிநாட்டில் இருக்கிற இரண்டு சொந்தங்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.

பணம் மிகவும் இறுக்கமாக இருந்தால் என் முடிவு இது. கைமாறிய மினி 8 அல்லது 9 நல்ல நிலையில் கிடைத்தால் அதை வாங்கி, மிச்சப் பணத்தைப் பிலிமில் போடுங்கள். இவற்றுக்கு 60 சென்ரிமீற்றராவது தள்ளி நிற்க வேண்டும். மினி 12 என்றால் 30 சென்ரிமீற்றர்வரை கிட்டப் போகலாம். வேண்டியது இரண்டு ஏஏ பற்றரி. நூறு படம்வரை ஓடும். போர்க்காலத்தில் பற்றரிக்குத் தடை இருந்து, சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட ஊருக்கு இன்று அது பெட்டிக்கடைச் சாமான். ஒரு தாளும் வீணாகக் கூடாது என்றால் கமராவை விட்டு மினி லிங்க் பிரின்ரரை யோசியுங்கள். போனில் உள்ள படங்களில் பிடித்ததை மட்டும் அதே தாளில் அச்சிடலாம். விலை கமராவைவிடச் சற்றுக் கூடும், ஆனால் கண்மூடிய முகங்களுக்குக் காசு போகாது. சந்திக்கடை ஸ்ரூடியோவில் போன் படங்களைக் கழுவி எடுப்பது இவை எல்லாவற்றையும்விட மலிவு. அல்பம் நிறைப்பதுதான் நோக்கம் என்றால் அங்கேயே போங்கள்.

மாமாவிடம் சொல்லவேண்டியது இன்னும் இருக்கிறது. பிலிமைப் பெரிய சூட்கேசில் போட வேண்டாம். சரக்குப் பொதிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே கதிர் அதைக் கெடுத்துவிடும். கைப்பையில் கொண்டுவரட்டும், புதிய சி.ரி. (CT) ஸ்கான் இயந்திரம் இருக்கும் விமான நிலையம் என்றால் கையால் பார்க்கச் சொல்லிக் கேட்கட்டும். பெட்டியில் உள்ள காலாவதித் திகதி ஒரு வருடத்துக்கு அப்பால் இருக்கிறதா என்று கடையிலேயே பார்க்கட்டும். வீட்டுக்கு வந்ததும் உறை பிரிக்காமல் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், எடுப்பதற்கு முன்னர் வெளியே வைத்துச் சூடு சமப்பட விடுங்கள். கமராவுக்குள் பிலிம் இருக்கும்போது பின்கதவைத் திறந்துவிடாதீர்கள். உள்ளே மிஞ்சியிருக்கும் தாளில் வெளிச்சம் பட்டுவிடும்.