கடல் கடந்து போகும் புகை

மாலத் தீவுகளில் சொல்லும்படியான பெரிய ஆலைகள் கிடையா. நாற்புறமும் நீலக் கடல்; நடுவே தென்னஞ் சோலைகள். இத்தகைய இடத்தில் காற்று பளிங்கு போல் நிர்மலமாக இருக்கும் என்றுதான் நாம் எண்ணுவோம்.

ஆனால், 1999-ஆம் வருஷத் தொடக்கத்தில் அங்கே முகாம் அடித்த விஞ்ஞானிகள் கண்டது வேறு. விமானத்தில் ஏறிப் பார்த்தபோது, கடல் மீது பழுப்பு நிறப் படலம் ஒன்று கவிந்திருந்தது. அதன் உயரம் சுமார் 3 கிலோமீட்டர். பரப்போ ஏறத்தாழ 1 கோடி சதுர கிலோமீட்டர்!

பல தேசங்களைச் சேர்ந்த 200-க்கு மேற்பட்ட நிபுணர்கள் இந்த ஆராய்ச்சியில் ஈடுபட்டார்கள். நமது 'சாகர் கன்யா' கப்பலும் இதில் பங்கு கொண்டது. தலைமை வகித்த இருவரில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சென். மற்றவர் மதுரையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் பயின்ற வீரபத்ரன் ராமநாதன். நம்மவர் ஒருவர் நம்முடைய புகையையே தேடிக் கண்டு பிடித்தார் என்பதில் பெருமையும் உண்டு. கொஞ்சம் வெட்கமும் உண்டு.

புகை அங்கே போன விதம் என்ன?

பனிக் காலத்தில் நிலம் சீக்கிரம் குளிர்ந்து விடுகிறது. கடல் அவ்வளவு விரைவில் குளிர்வதில்லை. குளிர்ந்து கனத்த காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் பாய்கிறது. இதுவே வடகிழக்குப் பருவக் காற்று. அந்தக் காலத்தில் பாய்மரக் கப்பல்களைத் தள்ளிச் சென்ற இதே காற்று, இப்போது புகையை ஏற்றிச் செல்கிறது. தை பிறந்த பின் மழையும் ஓய்ந்து விடுகிறது. தூசியைக் கழுவ மழை இல்லாததால், புகை பூமத்திய ரேகைக்கு அப்பாலும் போய்ச் சேருகிறது. அங்கே எதிர்ப்படும் மழை மேகங்கள்தாம் அதைத் தடுத்து நிறுத்துகின்றன. ஆனி, ஆடியில் காற்று திசை மாறுகிறது. தென் சமுத்திரத்துத் தூய காற்று வீச, மழை கொட்ட, ஆகாயம் மீண்டும் தெளிகிறது.

இந்தப் புகையில் கார்களும் அனல் மின் நிலையங்களும் கக்குவது ஒரு பங்கு. ஆனால் விறகும், வறட்டியும், வயலில் கொளுத்தும் தாளும் தருவது அதற்குக் குறைந்ததன்று. மாலத் தீவிலும், புனாவுக்கு அருகிலுள்ள சிங்ககட் மலையிலும் எடுத்த கரித் துகள்களைச் சோதித்து 2009-ஆம் வருஷம் வெளியான ஆராய்ச்சி, சுமார் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இவற்றைச் சேர்ந்ததே என்று கண்டது.

இதனால் நமக்கு என்ன நஷ்டம்? படலத்தின் கீழே கடலுக்கு எட்டும் சூரிய ஒளி சுமார் 10 சதவிகிதம் குறைகிறது. ஒளி குறைந்தால் நீர் ஆவியாவது குறையும். அதனால் பருவ மழையே தளரக்கூடும் என்று ராமநாதன் முதலியோர் கருதுகிறார்கள். மழையை நம்பி ஏர் பூட்டும் தேசத்துக்கு இது சிறிய விஷயமா?

'ஆசியப் பழுப்பு மேகம்' என்று இதற்குப் பெயரிட்டபோது நம்மவர் பலருக்கு ரோசம் வந்தது. நியாயந்தான். நூறு வருஷங்களுக்கு மேலாக உலகத்தின் ஆகாயத்தில் கரியை நிரப்பிய மேனாடுகள் நமக்கு உபதேசம் செய்ய வருவானேன்? பிறகு அந்தப் பெயரிலிருந்து ஆசியா நீங்கியது. ஆனால், பெயர் மாறியதால் புகை மாறி விடவில்லை. அது கடல் தாண்டுவதற்கு முன்னால், அடுப்பங்கரையில் ஊதுகுழலுடன் உட்கார்ந்திருக்கும் நம் தாய்மாரின் நெஞ்சுக்குள் அல்லவா முதலில் புகுகிறது?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கரியமில வாயுவைப் போல் இந்தத் துகள்கள் நூற்றாண்டுக் கணக்கில் தங்குவதில்லை. சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் விழுந்து விடுகின்றன. 2020-ஆம் வருஷத்து ஊரடங்கின்போது வட இந்திய ஆகாயத்தில் தூசி 20 வருஷங்களில் காணாத அளவு குறைந்தது. ஜலந்தரில் வீட்டு மாடிகளிலிருந்தே இமயத்தின் பனிச் சிகரங்கள் தெரிந்தன.

ஏழைப் பெண்களுக்குச் சமையல் வாயு இணைப்புத் தரும் திட்டம் 2016-இல் தொடங்கியது. இணைப்புக் கிடைத்தால் போதாது. அடுத்த உருளை வாங்கக் கையில் காசும் இருக்க வேண்டும். அந்த வகையைச் செய்தோமானால், அடுக்களையில் ஒரு தாயின் இருமல் நிற்கும். கடலுக்கு அப்பால் ஒரு தீவின் வானமும் வெளுக்கும்.